குடலிறக்கமும் நாற்பது நாள் ஓய்வும்

ஓதம் என்னும் சொல்லுக்குத் தமிழில் பொருள் பல. கடலில் பொங்கியெழும் அலைநீரும் ஓதம். மழைக்காலத்தில் சுவரில் ஊறும் ஈரமும் ஓதம். அடிவயிற்றிலும் விரைப்பையிலும் காணும் வீக்கத்தையும் நம் முன்னோர் அதே சொல்லால் குறித்தனர். யானைக்கால் நோயினால் நீர் கோத்துக்கொள்வதும், குடலே தன் இடம் விட்டுக் கீழே இறங்கி நிற்பதும் புறத்தே ஒன்றுபோல் தோன்றியமையால், இரண்டையும் ஓதம் என்றும் அண்டவாதம் என்றும் பெயர் பிரிக்காமல் அழைத்துவிட்டனர். இவற்றுள் இரண்டாவதையே இன்று மருத்துவர்கள் குடலிறக்கம் என்கின்றனர். மக்கள் வாயில் அது ஹெர்னியா ஆகிவிட்டது. அரபு மொழியில் இதற்கு ஃபத்க் என்று பெயர். தையல் விட்டுக் கிழிதல் என்பது அதன் நேர்ப்பொருள். நோயின் தன்மையை இத்துணைச் சுருக்கமாகக் காட்டும் வேறொரு சொல்லை நான் அறியேன்.

இந்நோயின் வரலாற்றைப் பெரம்பலூர், அரியலூர்ச் சீமையில் நின்று எண்ணிப் பார்ப்பது பொருத்தமாக இருக்கும். ஏனெனில், இது உடலுழைப்பாளர் மிகுந்த மண். பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து 1995இல் பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று; அதிலிருந்து அரியலூர் 2001இல் பிரிந்து, மறு ஆண்டே மீண்டும் இணைக்கப்பட்டு, 2007இல் நிலையாகத் தனித்து நின்றது. பெரம்பலூர்ப் பக்கம் பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் மானாவாரி நிலம். செந்துறை, ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரிக் காடுகள். அரியலூரைச் சூழ்ந்து, பன்னெடுங்காலத்துக்கு முன் கடலாயிருந்த இடத்தில் படிந்த சுண்ணாம்புக்கல். அந்தக் கல்லை நம்பி எழுந்த சிமெண்டு ஆலைகள் பல. அரசுக்குச் சொந்தமான ஆலை 1979இல் அங்கே தொடங்கப்பட்டது. பக்கத்து ஊரான கல்லக்குடியில் டால்மியா ஆலை அதற்கு நாற்பதாண்டு மூத்தது. கிணறு வெட்டுவோர், கல் உடைப்போர், மூட்டை தூக்குவோர், வண்டியில் பாரம் ஏற்றுவோர் என்று முதுகையும் வயிற்றையும் மூலதனமாகக் கொண்டு பிழைப்பவர் இங்கே ஏராளம். வெள்ளாற்றங்கரையில் உள்ள லெப்பைக்குடிக்காட்டிலிருந்தும் வ.களத்தூரிலிருந்தும் வளைகுடா நாடுகளுக்குச் சென்ற நம்மவரில் பலர் அங்கும் பாரம் சுமந்தே பொருள் ஈட்டினர்.

உழைப்பவனுக்கு இந்நோய் வந்தால் அவன் முதலில் செய்வது மறைப்பது. இடம் அத்தகையது. தாயிடமும் சொல்லமாட்டான்; மனைவியிடம் சொல்லவும் ஆண்டுகள் ஆகும். கோவணத்தை இறுக்குவான்; கடையில் விற்கும் கச்சையை வாங்கிக் கட்டிக்கொள்வான். படுத்தால் வீக்கம் உள்ளே போய்விடுகிறது, எழுந்து இருமினால் மீண்டும் வந்துவிடுகிறது. ஆகவே பெரிய நோய் அன்று என்று தன்னைத்தானே தேற்றிக்கொள்வான். ஒருநாள் அது உள்ளே போக மறுக்கும். அன்றைக்குத்தான் ஊரே அறியும்.

இதன் உட்காரணத்தைச் சற்று விளக்கிவிடுகிறேன். வயிற்றின் முன்சுவர் தசைகளாலும் உறுதியான தசைநாண் தகடுகளாலும் பல அடுக்காக அமைந்தது. அதில் இயற்கையிலேயே சில மெலிந்த இடங்கள் உண்டு. ஆண் குழந்தை கருவிலிருக்கும்போது விரைகள் வயிற்றினுள் தோன்றிப் பின்னர்த் தொடையிடுக்கின் வழியே கீழிறங்குகின்றன. அவை வந்த வழி பிறகு மூடிக்கொள்ளவேண்டும். சிலருக்கு அது சரிவர மூடுவதில்லை. சிலருக்கு வயது ஏற ஏறப் பின்சுவரே நைந்துபோகிறது. இருமலோ முக்கலோ பாரமோ உள்ளழுத்தத்தைக் கூட்டும்போது, வயிற்றின் உட்சவ்வு ஒரு பைபோல அவ்வழியே பிதுங்க, குடல் அதனுள் இறங்குகிறது. வயிற்றுச்சுவர்க் குடலிறக்கங்களில் நான்கில் மூன்று பங்கு தொடையிடுக்கில் தோன்றுபவை. ஆடவரில் நூற்றுக்கு 27 பேருக்கும் மகளிரில் 3 பேருக்கும் வாழ்நாளில் எப்போதேனும் இது நேரிடலாம் என்பது இன்றைய கணக்கு. தொப்புளிலும், முன்பு செய்த அறுவையின் தழும்பிலும், தொடையின் மேற்புறத்திலும் வருவன ஏனையவை. இறங்கிய குடல் குறுகிய வாயில் சிக்கி நெரிபட்டால் இரத்த ஓட்டம் நின்று, சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கும். அதற்குப்பின் எண்ணப்படுவது நாட்களல்ல, மணிகள்.

நம் நாட்டுப் பழைய மருத்துவர் இதனை நன்கறிந்திருந்தனர். சுசுருதர் பெயரால் வழங்கும் வடமொழி நூல், விரைவீக்கத்தை ஏழு வகையாகப் பிரித்து, குடல் இறங்குவதைத் தனி வகையாக வைக்கிறது. பாரம் சுமத்தல், தன்னினும் வலியவனோடு மல்லுக்கு நிற்றல், மரத்திலிருந்து விழுதல் ஆகியவற்றைக் காரணமாகச் சொல்கிறது. உழைப்பாளியின் நோய் இது என்று அன்றே கண்டிருக்கின்றனர்! குடல் விரைப்பையை எட்டுமுன் தொடையிடுக்கில் சூட்டுக்கோல் இடலாம். எட்டிவிட்டால் கைவிடுக என்பது அந்நூலின் தீர்ப்பு. கைவிடுக என்று எழுதியது இரக்கமின்மையால் அன்று. தம்மால் இயலாததைத் தொட்டு ஒருவனைச் சாகடிக்கக்கூடாது என்ற பொறுப்புணர்வே அதில் தெரிகிறது.

இந்த நூல் கடல் கடந்தது. பக்தாதில் அப்பாசியக் கலீஃபாக்களின் காலத்தில், பர்மக்கீ குடும்பத்து அமைச்சரான யஹ்யா இப்னு காலிதின் ஆணைப்படி, மன்கா என்ற இந்திய மருத்துவர் சுசுருத நூலை அரபியில் விளக்கித் தந்தார் என்று இப்னுன் நதீம் தம் ஃபிஹ்ரிஸ்தில் குறிக்கிறார். எட்டாம் நூற்றாண்டின் இறுதிக்காலம் அது. கிரேக்க மருத்துவர் எழுதியவையும் அதே காலத்தையொட்டி அரபுக்கு வந்தன. இரு நீரோட்டங்களும் கலந்த அந்தப் பெருங்குளத்திலிருந்து இருநூறு ஆண்டுகளுக்குப்பின் மேற்கே ஒருவர் எழுந்தார்.

அவரே அபுல் காசிம் கலஃப் இப்னு அப்பாஸ் அஸ்ஸஹ்ராவி. ஸ்பெயின் நாட்டுக் குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவில் கி.பி. 936இல் பிறந்து 1013இல் மறைந்தார் என்பர். அவர் இயற்றிய அத்தஸ்ரீஃப் முப்பது பாகங்கள் கொண்டது. முப்பதாம் பாகம் முழுவதும் அறுவை மருத்துவம். கருவிகளின் படங்களோடு எழுதப்பட்டது. அறுவைக் கலை தம் நாட்டில் அழிந்துபோன நிலையில் இருக்கிறது, உடற்கூறு அறியாதவர்கள் கத்தியைத் தொட்டு உயிரைப் போக்குகிறார்கள் என்று அவர் முன்னுரையில் வருந்துகிறார். 

குடலிறக்கத்துக்கு அவர் இரு வழிகளைக் காட்டுகிறார். ஒன்று சூட்டுக்கோல். நோயாளியின் குடலை முதல்நாளே மருந்தால் சுத்தம் செய்து, மூச்சை அடக்கச் சொல்லி, குடல் பிதுங்கும் இடத்தில் மையால் குறியிட்டு, குடலை உள்ளே தள்ளியபின், பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் குறியின்மேல் எலும்பை எட்டும்வரை வைக்கவேண்டும். வெந்த இடம் இறுகித் தழும்பாகி வழியை அடைக்கும் என்பது நோக்கம். மற்றொன்று அறுவை. குடல் விரைப்பைவரை இறங்கியிருந்தால், பழைய கிரேக்க முறையை ஒட்டி, உட்சவ்வுப் பையைக் கட்டி அறுத்து, விரையையும் சேர்த்து நீக்கும் வழியை எழுதுகிறார். ஆனால் தொடையிடுக்கிலேயே நின்ற சிறு இறக்கத்துக்கு அவர் கூறும் முறை வேறு: பையை அறுக்காமல், விரையைத் தொடாமல், பிதுங்கிய சவ்வை ஒரு சலாகையால் உள்ளே அழுத்திப் பிடித்து, மேலே இருபுற விளிம்புகளையும் சேர்த்துத் தைத்துவிட்டுச் சலாகையை உருவிக்கொள்ளவேண்டும். குறையைத் தைத்து மூடு, உறுப்பைக் காப்பாற்று என்ற கொள்கை இதில் இருக்கிறது.

என் உள்ளத்தை ஈர்த்தது இவ்விரண்டுமல்ல. சூடிட்டபின் அவர் விதிக்கும் ஒழுங்கு. நோயாளி நாற்பது நாட்கள் மல்லாந்து படுத்திருக்கவேண்டும். மலம் இறுகாதபடி இளகிய உணவு கொடுக்கவேண்டும். முக்கினால் புண் பிளக்கும். நாற்பது நாள் கழித்து எழும்போது நன்கமைந்த கச்சையைக் கட்டி, அதனை மேலும் நாற்பது நாள் அவிழ்க்காதிருக்கவேண்டும். களைப்புத் தரும் வேலை ஆகாது. வயிறு புடைக்க உண்பது ஆகாது. உரக்கக் கூவுவதும் ஆகாது. ஆயிரம் ஆண்டுக்கு முன் எழுதிய இந்த விதிகளில், உள்ளழுத்தம் கூடினால் சுவர் மீண்டும் விடும் என்ற உண்மை முழுமையாக அடங்கியிருக்கிறது.

ஆனால் ஒரு கேள்வி எழாமல் இல்லை. நாற்பதும் நாற்பதும் எண்பது நாள். குர்துபாவின் செல்வர் ஒருவர் படுத்திருக்கலாம். கூலிக்குக் கல் சுமப்பவன் எண்பது நாள் படுத்தால் அவன் வீட்டு அடுப்பு என்னாவது? குடலிறக்க மருத்துவத்தின் வரலாற்றை நூல்கள் கருவிகளின் வரலாறாகவும் கண்டுபிடித்தோரின் வரலாறாகவும் எழுதுகின்றன. என் நோக்கில் அது ஓய்வு நாட்கள் குறைந்துவந்த வரலாறு. இந்நோய் யாருக்கு மிகுதியோ அவர்களால்தான் ஓய்வெடுக்க முடிவதில்லை. அந்த முடிச்சு அவிழ ஆயிரம் ஆண்டுகள் ஆயின.

ஸஹ்ராவியின் நூலைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொலேதோ நகரில் கிரெமோனா ஊர் ஜெரார்டு இலத்தீனில் பெயர்த்தார். ஐரோப்பாவின் அறுவை மருத்துவர்கள் பல நூற்றாண்டுகள் அதனை ஓதினர். கிழக்கே அமாசியா நகரத்து ஷரஃபுத்தீன் சபுன்சுஓலு, 1465இல் அதனை அடியொற்றித் துருக்கி மொழியில் வண்ணப் படங்களுடன் அறுவை நூல் எழுதி, சுல்தான் இரண்டாம் முஹம்மதுக்கு அளித்தார். ஆயினும் நூல் படித்தோர் சிலர். ஊர் ஊராகச் சென்று குடலிறக்கம் அறுத்தோர் பலர். ஐரோப்பியச் சந்தைகளில் திரிந்த அந்த நாடோடிகள் விரையைப் பறித்துக்கொண்டு, புண் சீழ்ப்பிடிக்குமுன் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். பதினாறாம் நூற்றாண்டில் பிரெஞ்சு மருத்துவர் ஆம்பிரவாஸ் பாரே இவ்வழக்கத்தைக் கடுமையாகச் சாடினார். 1735இல் இலண்டனில் கிளாடியஸ் அமியாந்து என்பவர், பதினோரு வயதுச் சிறுவன் ஒருவனின் குடலிறக்கப் பைக்குள் குடல்வால் சிக்கியிருக்கக் கண்டு அதனை அறுத்தெடுத்தார். உலகில் வெற்றியாக முடிந்த முதல் குடல்வால் அறுவை அதுவே என்பது ஒரு வேடிக்கையான உண்மை. பையன் பிழைத்தான். மயக்க மருந்து இல்லாத காலம். அவன் பட்ட பாட்டை நினைக்கவும் நெஞ்சு நடுங்குகிறது.

வலி, சீழ் என்ற இரு தடைகள் நீங்கும்வரை எந்த அறிவும் பயன்படவில்லை. 1846இல் பாஸ்டன் நகரில் ஈதரும், அடுத்த ஆண்டு எடின்பரோவில் குளோரோஃபாமும் வலியை வென்றன. குளோரோஃபாம் பாதுகாப்பானதுதானா என்ற சர்ச்சை எழுந்தபோது அதனை ஆராய்ந்த இடம் நம் ஐதராபாத். நிஜாம் மீர் மஹபூப் அலீகான் பொருளுதவி செய்ய, எட்வர்டு லாரி என்ற மருத்துவர் 1888இலும் 1889இலும் இரு ஆய்வுக் குழுக்களை நடத்தினார். அவர்கள் கண்ட முடிவு பிற்காலத்தில் தவறென்று தெரியவந்தது. ஆயினும் ஓர் இந்திய அரசர் அறுவை அறிவியலுக்குக் கருவூலத்தைத் திறந்தது குறிப்பிடத்தக்கதே.

1867ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் விந்தையான ஆண்டு. அவ்வாண்டு ஜோசப் லிஸ்டர், கார்பாலிக் அமிலத்தால் புண்ணில் சீழ்ப்பிடிப்பதைத் தடுக்கும் முறையை வெளியிட்டார். அவ்வாண்டே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர், ட்ரூயிட்டின் ஆங்கில அறுவை நூலை ‘இரண வைத்தியம்’ என்ற பெயரில் தமிழில் கொண்டுவந்தார். தமிழிலேயே மாணவர்க்கு மேனாட்டு மருத்துவம் கற்பித்தவர் அவர். அறுவை நூல் தமிழுக்கு வந்து ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் நாம் இன்னும் தமிழில் மருத்துவம் கற்பிக்க முடியுமா என்று பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருக்கிறோம். அது தனிக் கதை. அதே 1867இன் அக்டோபரில், இத்தாலியின் உரோமாபுரிக்கருகே நடந்த சண்டையில் எதுவார்தோ பஸ்ஸீனி என்ற இளம் மருத்துவர், கரிபால்டியின் பக்கம் நின்று போரிட்டுத் தொடையிடுக்கில் துப்பாக்கிச் சனியனால் குத்துண்டார். குடல் துளைபட்டுப் பல மாதம் கிடந்து எழுந்தார். தொடையிடுக்கில் புண்பட்ட அம்மனிதரே பின்னாளில் அவ்விடத்தின் குறையைத் தீர்க்கும் வழியைக் கண்டார்.

பதுவா நகரில் 1884 முதல் பஸ்ஸீனி செய்த அறுவை, அதற்கு முன்பு செய்யப்பட்டவற்றினின்று அடிப்படையிலேயே மாறுபட்டது. பையைக் கட்டி அறுப்பதோடு நிறுத்தாமல், தொடையிடுக்குக் கால்வாயின் பின்சுவரை மூன்றடுக்காகப் புதிதாகக் கட்டியெழுப்பினார். விரையைக் காத்தார். 1890இல் 262 அறுவைகளின் விளைவை வெளியிட்டபோது, மீண்டும் இறக்கம் கண்டவர் மிகச் சிலரே. சுருங்கச் சொன்னால், சூடிட்டு அடைப்பதும் கட்டி அறுப்பதும் முடிந்து, சுவர் கட்டும் காலம் பிறந்தது. உலகெங்கும் நூறாண்டுகள் இம்முறையே கோலோச்சியது. நம் மாவட்ட மருத்துவமனைகளிலும் இதுவே செய்யப்பட்டது.

இதிலும் ஒரு குறை தங்கிவிட்டது. தள்ளி நிற்கும் இரு தசை விளிம்புகளை இழுத்துச் சேர்த்துத் தைத்தால் தையலின்மேல் இழுவிசை நிற்கும். பழந்துணியின் கிழிசலை இழுத்துத் தைத்தால் பக்கத்தில் கிழிவதை நம் வீட்டுப் பெண்கள் அறிவார்கள். அங்கே ஒட்டுப் போடவேண்டும். தசைநாணுக்கு ஒப்பான உறுதியுள்ள பொருளைச் செயற்கையாகச் செய்ய முடிந்தால் இந்நோயின் இரகசியம் பிடிபட்டுவிடும் என்று வியன்னாவின் பில்ரோத் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சொன்னதாக அறுவை நூல்கள் குறிக்கின்றன. இழுவிசைக்கு அஞ்சியே மருத்துவர்கள் நோயாளியை வாரக்கணக்கில் படுக்கையில் வைத்தனர். ஸஹ்ராவியின் நாற்பது நாள், கத்தியும் மயக்க மருந்தும் வந்தபின்னும் விட்டுப்போகவில்லை. கனடாவின் டொரான்டோவில் ஷோல்டைஸ் என்பவர் இதை முதலில் அசைத்தார். குடலிறக்கத்தால் படையில் சேர முடியாத இளைஞர்களுக்கு இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அறுவை செய்து, உடனே எழுந்து நடக்கவைத்தார். 1945இல் இதற்கெனவே தனி மருத்துவமனை கண்டார்.

ஒட்டுத்துணி வந்தது வேதியியலாரின் கொடையாக. அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஃபிரான்சிஸ் அஷர் 1958இல் பாலிஎதிலீன் இழையால் நெய்த வலையைப் பயன்படுத்தினார்; பிறகு பாலிபுரோப்பிலீன் வலை வந்தது. லாஸ் ஏஞ்சலீசில் லிக்டன்ஸ்டைன் 1984 முதல், விளிம்புகளை இழுக்காமல் வலையைப் பரப்பித் தைத்துவிடும் முறையைக் கையாண்டு, 1989இல் வெளியிட்டார். வலையின் கண்கள் ஊடே உடலின் சொந்தத் திசு வளர்ந்து, கம்பி போட்ட காரைபோல் இறுகிவிடுகிறது. இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசியே போதும். அன்றே வீடு திரும்பலாம்.

நல்ல செய்திதான், விலை மட்டும் நல்லதாக இல்லை. இறக்குமதி வலை ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்றது. அதனைக் கேட்ட சிற்றூர் உழைப்பாளி, பழையபடி கச்சையை இறுக்கிக்கொண்டு திரும்பிப் போனான். இங்கேதான் இந்திய நாட்டுப்புற மருத்துவர் ஒருவரின் துணிச்சல் வருகிறது. மகாராட்டிரத்தின் துலே மாவட்டத்தில் தொண்டாயிச்சா என்ற சிற்றூரில் பணியாற்றிய மருத்துவர் ரவீந்திரநாத் தோங்காவ்கர், கடையில் விற்கும் கொசுவலைத் துணியின் இழையும், அறுவை வலையின் இழையும் ஒரே இனம் என்பதைக் கண்டார். அதனைத் துண்டாக்கிக் கழுவி, கிருமி நீக்கி, குடலிறக்கத்துக்குப் பயன்படுத்தினார். ஒரு துண்டின் அடக்கவிலை சில ரூபாய்! பல ஊர்களின் நாட்டுப்புற அறுவை மருத்துவர்கள் அவரோடு சேர்ந்தனர். 359 குடலிறக்கங்களை இவ்வாறு சீர்செய்த விவரத்தை 2003இல் இந்திய அறுவை மருத்துவ இதழில் வெளியிட்டனர்.

கொசுவலையா, மனித உடலிலா என்று முகம் சுளித்தோர் உண்டு. சுளித்தது தவறென்று சொல்லமாட்டேன். ஏழை என்பதற்காக எதையும் அவன் வயிற்றில் வைத்துத் தைத்துவிடக்கூடாது. ஆதலால் முறையான ஒப்பாய்வு தேவைப்பட்டது. சுவீடன் மருத்துவரும் உகாண்டா மருத்துவரும் கூடிக் கிழக்கு உகாண்டாவில் 302 ஆடவரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கொசுவலைத் துணியும் மற்றதற்கு விலையுயர்ந்த வலையும் பொருத்தினர். 2016இல் முடிவு வெளிவந்தது: ஓராண்டில் மலிவு வலைப் பிரிவில் ஒருவருக்கு மட்டும் இறக்கம் திரும்பியது, மற்றப் பிரிவில் எவருக்கும் இல்லை. பிற தொல்லைகள் இருபுறமும் ஏறக்குறைய சமம். கரூர் கொசுவலைக்குப் பெயர்பெற்ற ஊர்; பெரம்பலூர் தனி மாவட்டமான அதே 1995இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்த அண்டை மாவட்டம். நம் கண்முன் கட்டிலின்மேல் தொங்கும் பொருளில் இப்படியொரு பயன் ஒளிந்திருக்கிறது. எனினும் எல்லா வலையும் ஓரினம் அன்று. சிலவற்றில் கொசுக்கொல்லி மருந்து தோய்த்திருப்பார்கள். தெரிந்தெடுப்பதும் தூய்மை செய்வதும் மருத்துவர் பொறுப்பு.

பூனாவின் மருத்துவர் மோகன் தேசர்தா 2001இல் வேறொரு வழியை வெளியிட்டார். நோயாளியின் சொந்தத் தசைநாண் தகட்டிலிருந்தே ஒரு பட்டையை எடுத்துப் பின்சுவருக்கு ஒட்டாக்குவது அது, வலையே வேண்டியதில்லை. சிறு துளை வழியே குழாய் செலுத்திச் செய்யும் முறை 1990களில் பரவியது. நம் மாநிலத்தில் அதில் முன்னோடியாக நின்றவர்களில் கோயம்புத்தூர் மருத்துவர் சி. பழனிவேலு ஒருவர்.

இனி, வராமல் காப்பதைப் பற்றி. பாரம் தூக்குவதால் மட்டுமே குடல் இறங்குவதில்லை. பிறவி மெலிவும் வயதும் குடும்பவழியும் சேர்ந்தே காரணம். எனினும் நாள் முழுதும் நின்று பளு தூக்கும் ஆடவரிடம் ஒருவகைத் தொடையிடுக்கு இறக்கம் கூடுதல் என்று டென்மார்க்கில் செய்த ஆய்வுகள் காட்டின. சுசுருதர் பொய் சொல்லவில்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967இல், வயதுவந்த ஆடவன் ஒருவன் தூக்கும் பாரம் 55 கிலோவைத் தாண்டலாகாது என்று பரிந்துரைத்தது. 50 கிலோ சிமெண்டு மூட்டை அதற்குள் அடங்கும்தான். ஒரு நாளைக்கு எத்தனை மூட்டை என்பதை அந்த எண் சொல்வதில்லை. பீடி இருமல், நாட்பட்ட மலச்சிக்கல், முதியவருக்குச் சிறுநீர் தடைப்பட்டு முக்குதல் ஆகியவை சுவரை நாள்தோறும் உள்ளிருந்து இடிப்பவை. இவற்றைத் தீர்க்காமல் அறுவை மட்டும் செய்துகொள்வது கூரை ஒழுக்கை விட்டுவிட்டுச் சுவருக்கு வெள்ளையடிப்பதாகும்.

தழும்பு வழி வரும் இறக்கத்தைத் தடுப்பது மருத்துவர் கையில் இருக்கிறது. வயிற்றைத் திறந்து மூடும்போது, பத்து மில்லிமீட்டர் இடைவெளியில் பெரிய தையல் போடுவதைவிட ஐந்து மில்லிமீட்டரில் நெருக்கமாகச் சிறு தையல் போடுவது மேல் என்று, நெதர்லாந்தில் 560 பேரிடம் செய்து 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. ஓராண்டில் நூற்றுக்கு 21 பேருக்கு வந்த இறக்கம் 13 ஆகக் குறைந்தது. தையற்காரர் எவரும் இதைக் கேட்டு வியக்கமாட்டார்.

நம் வீட்டுப் பெண்களுக்கு ஒரு செய்தி. கைக்குழந்தையின் தொப்புள் பிதுக்கம் பெரும்பாலும் நான்கைந்து வயதுக்குள் தானே மூடிக்கொள்ளும். காசை வைத்துக் கட்டுவதால் புண்தான் வரும். ஆனால் தொடையிடுக்கு வீக்கம் தானே மூடாது. அதற்கு அறுவையே வழி, தாமதமும் ஆகாது. பெண்களுக்குத் தொடையின் மேற்புறத்தில் தோன்றும் சிறு கட்டியை நெறி என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். அவ்வகை இறக்கம் நெரிபடும் வாய்ப்பு மிகுதி. ஆடவரில் தொல்லை தராத சிறு வீக்கமாயின் அஞ்சி ஓடவேண்டியதில்லை. அமெரிக்காவில் 720 பேரைக் கொண்டு 2006இல் வெளியான ஆய்வில், ஆயிரம் பேரை ஓராண்டு கவனித்தால் நெரிபடுவது இருவருக்கும் குறைவே என்று கண்டனர். ஆனால் அவர்களுள் பெரும்பாலோர் பத்தாண்டுக்குள் வலி பொறுக்காமல் தாமே அறுவைக்கு வந்தனர். அவர்கள் மருத்துவரின் கண்காணிப்பில் காத்திருந்தவர்கள். கோவணத்தில் மறைத்துக் காத்திருந்தவர்கள் அல்லர்.

முன்பெல்லாம் அரியலூர்க்காரர் அறுவைக்குத் தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ போகவேண்டும். அரியலூருக்கு இரயிலாவது உண்டு. பெரம்பலூருக்கு இன்றும் இல்லை. இப்போது அரியலூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2022 சனவரி 12இல் ஒரே நாளில் திறக்கப்பட்ட பதினொரு கல்லூரிகளில் அதுவும் ஒன்று. அரசு மருத்துவமனையில் இந்த அறுவைக்குக் கட்டணம் இல்லை. குடல் நெரிபட்டால் அழைக்க 108 வண்டி 2008 முதல் ஓடுகிறது. வீக்கம் உள்ளே போகாமல் கல்போல் இறுகி, வாந்தியும் வலியும் தோன்றினால் விடியட்டும் என்று காத்திராமல் அழைக்கவேண்டும்.

மீதமிருப்பது ஓய்வு நாள் கணக்கு. வலை வைத்துத் தைத்தவர், வலி பொறுக்குமளவுக்குச் சில நாளிலேயே வழக்கமான வேலைகளைத் தொடங்கலாம் என்று 2018இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டி கூறுகிறது. ஆயினும் மூட்டை சுமப்பவரை மருத்துவர்கள் இன்னும் சில வாரம் பொறுக்கச் சொல்வதே வழக்கம். ஆலையில் நிலையான ஊழியராயிருந்து, தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டத்தில் பதிவு பெற்றவருக்கு, நோய் விடுப்பில் ஆண்டுக்கு 91 நாள்வரை கூலியில் நூற்றுக்கு எழுபது கிடைக்கும். ஸஹ்ராவி கேட்ட எண்பது நாளும் அதற்குள் அடங்கிவிடும். அதே ஆலையின் வாயிலில் லாரிக்கு மூட்டை ஏற்றும் தினக்கூலியோ, வேப்பந்தட்டையில் பருத்தி சுமப்பவரோ, செந்துறையில் முந்திரி மூட்டை தூக்குபவரோ அந்தப் பதிவேட்டில் இல்லை. அவர்களுக்கு அறுவை இலவசம். அதற்குப்பின் வரும் மூன்று வாரம் இலவசமில்லை.